இது ஒன்றிய அரசின் வேலையா, மாநில அரசின் வேலையா? அரசமைப்புச் சட்டத்தைத் திறந்து நீங்களே கண்டுபிடிப்பது எப்படி

எங்கள் ஊரை ஒட்டிப் போகும் சாலையில் ஒரு மழைக்காலம் முடிந்ததும் பெரிய பெரிய பள்ளங்கள் விழுந்துவிட்டன. பக்கத்துத் தெருக்காரர்களிடம் எல்லாம் கையெழுத்து வாங்கி, மனு எழுதி, ஓர் அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தோம். வாங்கி வைத்துக்கொண்டார்கள், ரசீதும் தந்தார்கள். இரண்டு மாதம் கழித்து ஒரே வரியில் பதில் வந்தது: இந்தச் சாலை எங்கள் கட்டுப்பாட்டில் இல்லை. அது தேசிய நெடுஞ்சாலையாம், மனு போக வேண்டிய இடமே வேறாம். அந்த இரண்டு மாதத்தில் அதே பள்ளத்தில் வண்டியோடு விழுந்து கை முறிந்தவர் ஒருவர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்.

அன்றைக்கு ராத்திரிதான் அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையை முதல் தடவையாக உட்கார்ந்து முழுக்கப் படித்தேன். பள்ளிக்கூடத்தில் மூன்று பட்டியல் என்று மனப்பாடம் செய்ததுதான், ஆனால் அதை வைத்து ஒரு காரியத்தைக் கண்டுபிடிக்கலாம் என்று யாரும் சொல்லித்தரவில்லை. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். டிவி விவாதத்தில் ஒருவர் "இது மாநில உரிமை" என்பார், இன்னொருவர் "ஒன்றியத்துக்கு அதிகாரம் இருக்கிறது" என்பார், பல நேரம் இரண்டு பேர் சொல்வதிலும் பாதிதான் உண்மை இருக்கும். மீதிப் பாதி புத்தகத்தில் இருக்கிறது, அதை எடுத்துப் பார்க்க வக்கீல் படிப்பு தேவையில்லை.

முதலில் புத்தகம். இந்திய அரசின் சட்ட அமைச்சகத்தின் தளத்தில் அரசமைப்புச் சட்டம் முழுவதும் இலவசமாகக் கிடைக்கிறது. எதை எடுத்தாலும் எந்தத் திருத்தம் வரைக்கும் சேர்க்கப்பட்ட பதிப்பு என்று முதல் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். 2023-இல் வந்த 106-ஆவது திருத்தம் (மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இட ஒதுக்கீடு) அதில் இல்லையென்றால் அது பழைய பதிப்பு. அப்புறம், முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பிக்காதீர்கள், நாற்பதாவது பக்கத்தில் தூக்கம் வந்துவிடும். நேராக 246-ஆவது பிரிவுக்குப் போங்கள், அதைப் படித்துவிட்டுக் கடைசிப் பகுதியில் இருக்கும் ஏழாவது அட்டவணைக்குப் போங்கள். கூட்டாட்சியின் எலும்புக்கூடு அந்த இரண்டு இடத்தில்தான் இருக்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள்: முதல் பிரிவு இந்தியாவை "மாநிலங்களின் ஒன்றியம்" என்கிறது, கூட்டாட்சி நாடு என்று எந்த இடத்திலும் சொல்லவில்லை. அம்பேத்கர் 1948 நவம்பர் 4 அன்று வரைவை, அரசமைப்பை எழுதக் கூடிய அரசியல் நிர்ணய சபையில் வைத்தபோது இதற்கு விளக்கம் தந்தார். மாநிலங்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டு உண்டாக்கிய கூட்டாட்சி அல்ல இது, அதனால் எந்த மாநிலத்துக்கும் பிரிந்துபோகும் உரிமை கிடையாது, அதைத் தெளிவாக்கத்தான் ஒன்றியம் என்ற சொல் என்றார்.

இந்தப் பட்டியல்கள் எங்கிருந்து வந்தன என்று கொஞ்சம் தெரிந்துகொண்டால் படிப்பது சுலபம். மூன்று பட்டியல் என்ற யோசனை 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்திலேயே இருந்தது. பிரிட்டிஷ் அரசு போட்ட அந்தச் சட்டத்தில் கூட்டாட்சிப் பட்டியல், மாகாணப் பட்டியல், பொதுப் பட்டியல் என்று மூன்று உண்டு, எதிலும் சேராத விஷயத்தை யாருக்குக் கொடுப்பது என்பதை கவர்னர் ஜெனரல் கையில் விட்டிருந்தார்கள். அப்புறம் 1946-இல் பிரிட்டிஷ் அரசு அனுப்பிய அமைச்சரவைத் தூதுக்குழு வந்தது. பாதுகாப்பு, வெளியுறவு, தகவல் தொடர்பு இந்த மூன்று மட்டும் மத்தியில் இருக்கட்டும், மற்றதெல்லாம் மாகாணங்களுக்கு என்பதுதான் அது வைத்த திட்டம். 1946 டிசம்பர் 9 அன்று அரசியல் நிர்ணய சபை கூடியபோது அந்தத் திட்டத்தின் அடிப்படையில்தான் கூடியது. நான்கு நாள் கழித்து நேரு கொண்டுவந்து, 1947 ஜனவரி 22 அன்று நிறைவேறிய குறிக்கோள் தீர்மானத்தைப் படித்துப் பாருங்கள், எஞ்சிய அதிகாரங்கள் (பிரித்துக் கொடுத்தது போக மிச்சம் இருப்பவை) தன்னாட்சி பெற்ற அங்கங்களுக்கே, அதாவது மாகாணங்கள் போன்றவற்றுக்கே என்று அதில் எழுதியிருக்கிறது. இதைப் பலரும் கவனிப்பதில்லை.

ஆறே மாதத்தில் எல்லாம் தலைகீழானது. 1947 ஜூன் 3 அன்று பிரிவினை அறிவிப்பு வந்தது. முஸ்லிம் லீகைச் சேர்த்து வைத்துக்கொள்வதற்காகப் பலவீனமான மத்திய அரசுக்கு ஒத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் அதோடு போனது, கூடவே கலவரமும் அகதிகளும் சமஸ்தானங்களை இணைக்கும் வேலையும் வந்து சேர்ந்தன. நேரு தலைமையிலான ஒன்றிய அதிகாரக் குழு அடுத்த மாதமே, ஜூலை 5 தேதியிட்ட தன் இரண்டாவது அறிக்கையில், இனி பலவீனமான மத்திய அரசு நாட்டுக்குக் கேடு, எஞ்சிய அதிகாரமும் மத்தியிடமே இருக்கட்டும் என்று எழுதிவிட்டது. ஆகஸ்ட் 29-இல் அம்பேத்கர் தலைமையில் அமைந்த வரைவுக் குழுவின் கைக்கு வந்தது இந்த முடிவுதான். குழுவில் ஏழு பேர். அவர்களில் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும் என். கோபாலசாமி ஐயங்காரும் உண்டு, பின்னால் டி.டி. கிருஷ்ணமாச்சாரியும் வந்து சேர்ந்தார். முதல் வரைவைத் தயாரித்துக் கொடுத்தவர் சபையின் அரசமைப்பு ஆலோசகர் பி.என். ராவ். வரைவுக்கு வந்த திருத்தங்கள் 7,635, அதில் சபையில் முன்வைத்து விவாதித்தவை 2,473. 1949 நவம்பர் 26 அன்று ஏற்றுக்கொண்டார்கள், 1950 ஜனவரி 26 முதல் நடைமுறை.

ஆக ஒன்றியத்தின் பக்கம் தராசு சாய்ந்திருப்பது தற்செயல் இல்லை. அது பிரிவினை நடந்த அந்த வருஷத்தின் பயம் எழுத்தாக மாறியது. அந்தப் பயம் நியாயமானதுதான் என்று நினைக்கிறேன், ஆனால் எழுபத்தைந்து வருஷம் கழித்தும் அதே தராசை அதே கோணத்தில் வைத்திருக்க வேண்டுமா என்று கேட்பதும் நியாயம்தான்.

சரி, இப்போது வேலைக்கு வருவோம். உங்கள் கையில் ஒரு விஷயம் இருக்கிறது, அது யாருடையது என்று தெரிய வேண்டும். முதலில் அதை ஒரு சொல்லில் எழுதிக்கொண்டு மூன்று பட்டியலிலும் தேடுங்கள். முதல் பட்டியல் ஒன்றியத்துக்கு: பாதுகாப்பு, வெளியுறவு, ரயில், தபால், தொலைபேசி, நாணயம், வங்கி போன்றவை. இரண்டாவது மாநிலத்துக்கு: சட்டம் ஒழுங்கு, காவல்துறை, பொது சுகாதாரம், மருத்துவமனை, விவசாயம், நிலம், மது, உள்ளாட்சி. மூன்றாவது இருவருக்கும் பொது: குற்றவியல் சட்டம், திருமணம், தொழிலாளர் நலம், மின்சாரம், கல்வி, காடு. மூன்றிலும் இல்லையா? அப்போது 248-ஆவது பிரிவுப்படி ஒன்றியத்துக்கு.

இந்தப் படியிலேயே நின்றுவிடாதீர்கள், நிறையப் பேர் தவறுவது இங்கேதான். மாநிலப் பட்டியலில் ஒரு சொல்லைப் பார்த்ததும் "ஆ, இது நம்முடையது" என்று புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். அந்த வரியை முழுக்கப் படியுங்கள். எங்கள் சாலையையே எடுத்துக்கொள்வோம். மாநிலப் பட்டியல் 13-ஆவது இனத்தில் (பட்டியலில் எண் போட்டிருக்கும் ஒவ்வொரு வரியும் ஓர் இனம்) சாலைகள், பாலங்கள் என்று இருக்கிறது, ஆனால் முதல் பட்டியலில் சொல்லப்படாதவை மட்டும் என்ற நிபந்தனையோடு. முதல் பட்டியல் 23-ஆவது இனத்துக்குப் போனால், தேசிய நெடுஞ்சாலை என்று நாடாளுமன்றச் சட்டத்தின் வழியாக அறிவிக்கப்பட்டவை ஒன்றியத்துக்கு. தண்ணீரும் அப்படித்தான். மாநிலப் பட்டியல் 17-ஆவது இனத்தில் தண்ணீர், பாசனம், கால்வாய் எல்லாம் இருக்கிறது, கூடவே "முதல் பட்டியலின் 56-ஆவது இனத்துக்கு உட்பட்டு" என்ற வாலும் இருக்கிறது. 56 என்பது பல மாநிலங்களில் ஓடும் ஆறுகள். அதோடு 262-ஆவது பிரிவைச் சேர்த்துப் படித்தால்தான் காவிரி ஏன் நடுவர் மன்றத்துக்குப் போனது என்று புரியும். 1990-இல் மன்றம் அமைந்தது, 2007-இல் இறுதித் தீர்ப்பு தமிழ்நாட்டுக்குக் கர்நாடகம் விட வேண்டிய தண்ணீரை 192 டிஎம்சி என்றது, 2018-இல் உச்ச நீதிமன்றம் அதை 177.25 ஆக்கியது. "உட்பட்டு", "தவிர", "நீங்கலாக" என்ற மூன்று சொற்களை அட்டவணையில் எங்கே பார்த்தாலும் பென்சிலால் கோடு போட்டுவிடுங்கள். அதிகாரம் கை மாறும் இடங்கள் அவை.

சில சட்டங்கள் இரண்டு பட்டியலையும் தொடும். அப்போது நீதிமன்றங்கள் சட்டத்தின் சாரம் எது என்று பார்க்கும். ஓரமாக இன்னொரு பட்டியலை உரசுவது மட்டும் அந்தச் சட்டத்தைச் செல்லாததாக்கிவிடாது.

பொதுப் பட்டியலில் உங்கள் விஷயம் இருந்தால் இன்னும் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். ஒன்றியம் இதில் ஏற்கெனவே சட்டம் போட்டிருக்கிறதா? மாநிலச் சட்டம் அதோடு மோதுகிறதா? மோதினால் 254-ஆவது பிரிவுப்படி ஒன்றியச் சட்டமே நிற்கும். ஆனால் அதே பிரிவின் இரண்டாவது உட்பிரிவு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது: மாநிலச் சட்டத்தைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பி ஒப்புதல் வாங்கிவிட்டால் அந்த மாநிலத்துக்குள் மாநிலச் சட்டம் நிற்கும். இதற்கு ஜல்லிக்கட்டை விடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. விலங்கு வதைத் தடுப்பு என்பது பொதுப் பட்டியல் 17-ஆவது இனம், அதில் ஒன்றியத்தின் 1960-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. தமிழ்நாடு 2009-இல் ஜல்லிக்கட்டை ஒழுங்குபடுத்தச் சட்டம் போட்டது, குடியரசுத் தலைவர் ஒப்புதல் அதற்கு இல்லை, 2014-இல் உச்ச நீதிமன்றம் மோதலைக் காட்டி அதைச் செல்லாது என்றது. 2017-இல் மெரினா போராட்டத்துக்குப் பிறகு தமிழ்நாடு அந்த 1960 சட்டத்துக்கே மாநிலத் திருத்தம் கொண்டுவந்து குடியரசுத் தலைவர் ஒப்புதலும் வாங்கியது, 2023 மே மாதம் ஐந்து நீதிபதிகள் அமர்வு அது செல்லும் என்றது. அதே காளை, அதே வாடிவாசல். ஒப்புதல் இருந்ததும் இல்லாததும் எவ்வளவு பெரிய வித்தியாசம் பாருங்கள்.

அந்த ஒப்புதல் கிடைக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை, அதையும் சொல்லியாக வேண்டும். தொழிற்கல்விக்கான நுழைவுத் தேர்வை ரத்து செய்த தமிழ்நாட்டுச் சட்டத்துக்கு 2007-இல் ஒப்புதல் வந்தது. நீட் விலக்கு கேட்டு 2017-இலும் 2021-இலும் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாக்களுக்கு வரவில்லை. குடியரசுத் தலைவர் ஒன்றிய அமைச்சரவையின் ஆலோசனைப்படிதான் நடக்க வேண்டும் என்பதால், இந்தக் கதவின் சாவி நடைமுறையில் தில்லியில் இருக்கிறது.

கல்வி எப்படிப் பொதுப் பட்டியலுக்கு வந்தது என்பது தனிக் கதை. 1950-இல் அது மாநிலப் பட்டியலில் 11-ஆவது இனம். இன்றைக்கு அந்த இடத்தில் நீக்கப்பட்டது என்ற குறிப்புதான் இருக்கும், போய்ப் பாருங்கள். 1976-இல், நெருக்கடி நிலையின் நடுவில், 42-ஆவது திருத்தம் கல்வி, காடுகள், வனவிலங்குப் பாதுகாப்பு, எடை அளவுகள், கீழ் நீதிமன்றங்களின் அமைப்பு என ஐந்து விஷயங்களை மாநிலத்திடமிருந்து எடுத்துப் பொதுப் பட்டியலில் போட்டது. எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் சிறையில் இருந்த நேரம் அது. பொதுப் பட்டியல் என்றால் இருவருக்கும் சமம் என்று பெயரைப் பார்த்து நினைக்கத் தோன்றும், ஆனால் 254-ஐப் படித்த பிறகு அப்படி நினைக்க முடியாது. ஒரு விஷயத்தைப் பொதுப் பட்டியலுக்குக் கொண்டுபோவது மாநிலத்தின் கையில் இருந்த கடைசி வார்த்தையை எடுத்துவிடுவதுதான். என் பிள்ளை எந்தத் தேர்வு எழுத வேண்டும் என்ற அளவுக்கு அது வீட்டுக்குள் வந்துவிட்டதால் இந்த ஒரு திருத்தத்தை மட்டும் என்னால் விருப்பு வெறுப்பில்லாமல் படிக்க முடிவதில்லை. உயர்கல்வியில் தரத்தை நிர்ணயிப்பது முதல் பட்டியலின் 66-ஆவது இனமாக ஆரம்பத்திலிருந்தே ஒன்றியத்திடம் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் நீட் விவாதத்தின் முழு உருவம் தெரியும்.

அடுத்த படி ரொம்ப முக்கியம், யாரும் சொல்லாததும் கூட. சட்டம் போடுபவர் வேறு, அதை நடத்துபவர் வேறு. 73, 162 ஆகிய இரண்டு பிரிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். பொதுப் பட்டியல் விஷயத்தில் ஒன்றியம் சட்டம் போட்டாலும், அரசமைப்போ அந்தச் சட்டமோ வெளிப்படையாக வேறு மாதிரி சொல்லாத வரை, அதை நிறைவேற்றும் அதிகாரம் மாநிலத்திடம்தான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சம்ஹிதா நாடாளுமன்றம் போட்ட சட்டம், ஆனால் அதன்படி உங்கள் புகாரைப் பதிவு செய்யும் காவல் நிலையம் மாநில அரசுடையது. மின்சாரச் சட்டம் 2003 நாடாளுமன்றத்துடையது, உங்கள் வீட்டுக்கு மின்சாரம் தருவது மாநில அரசின் நிறுவனம், கட்டணத்தை முடிவு செய்வது மாநில ஒழுங்குமுறை ஆணையம். சிபிஐ விவகாரமும் இதே ரகம். காவல்துறை மாநிலப் பட்டியலில் இருப்பதால், ஒரு மாநிலத்துக்குள் வந்து விசாரிக்க அந்த மாநில அரசின் இசைவு வேண்டும், தமிழ்நாடு தன் பொது இசைவை 2023 ஜூனில் திரும்பப் பெற்றது. நீதிமன்றம் உத்தரவிட்டால் இசைவு இல்லாமலே விசாரிக்கலாம். ஆகவே "யார் சட்டம் போட்டார்கள்" என்பதோடு நிறுத்தாமல் "யார் நடத்துகிறார்கள்" என்றும் கேளுங்கள், உங்கள் மனு போக வேண்டிய விலாசம் இரண்டாவது கேள்விக்கான பதிலில்தான் இருக்கும்.

மாநிலப் பட்டியலுக்குள் ஒன்றியம் வர வாசலே இல்லையா? இருக்கிறது. 249: மாநிலங்களவையில் வந்து வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையில் தேசநலன் கருதித் தீர்மானம் போட்டால் வரலாம், ஒரு தீர்மானம் ஒரு வருஷத்துக்கு மேல் நிற்காது, மறுபடி போட வேண்டும். 250: நெருக்கடி நிலையில் வரலாம். 252: இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்கள் கேட்டுக்கொண்டால். 253: வெளிநாட்டு ஒப்பந்தத்தை நிறைவேற்ற. அப்புறம் 356, மாநில ஆட்சியையே எடுத்துக்கொள்வது. இதை இஷ்டத்துக்குப் பயன்படுத்திய காலம் உண்டு, 1994-இல் எஸ்.ஆர். பொம்மை வழக்கின் தீர்ப்பு பெரும்பான்மையைச் சட்டமன்றத்தில்தான் நிரூபிக்க வேண்டும், கலைப்பை நீதிமன்றம் ஆராயலாம் என்று சொன்ன பிறகு அது வெகுவாகக் குறைந்தது. கூட்டாட்சி அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பில் (திருத்தம் போட்டும் அழிக்க முடியாத பகுதி) சேர்ந்தது என்றும் அதே வழக்கில் நீதிபதிகள் சொன்னார்கள்.

மாநில எல்லையைப் பற்றி மூன்றாவது பிரிவு சொல்வதைப் படித்தால் திடுக்கென்று இருக்கும். ஒரு மாநிலத்தைப் பிரிக்கவோ பெயர் மாற்றவோ நாடாளுமன்றத்தின் சாதாரணப் பெரும்பான்மை போதும், மாநிலச் சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்க வேண்டும், ஆனால் ஏற்க வேண்டியதில்லை. தெலங்கானா மசோதாவை ஆந்திரச் சட்டமன்றம் நிராகரித்த பிறகும் 2014 ஜூன் 2 அன்று தெலங்கானா பிறந்தது. நம் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்ற பெயர் 1969 ஜனவரி 14 அன்று நடைமுறைக்கு வந்ததும் நாடாளுமன்றச் சட்டத்தின் வழியாகத்தான். ஆனால் ஏழாவது அட்டவணையைத் தொட வேண்டுமென்றால் அவ்வளவு சுலபமில்லை, 368-ஆவது பிரிவுப்படி இரு அவைகளிலும் சிறப்புப் பெரும்பான்மை வேண்டும், பாதிக்குக் குறையாத மாநிலங்களின் சட்டமன்றங்களும் ஏற்க வேண்டும்.

பணத்தையும் பார்க்காமல் விட முடியாது, அதிகாரம் இருந்து காசு இல்லையென்றால் என்ன செய்வது. வருமான வரி, நிறுவன வரி போன்றவற்றை ஒன்றியம் வசூலித்து, 280-ஆவது பிரிவின்படி அமையும் நிதிக் குழு சொல்லும் பங்கை மாநிலங்களுக்குத் தருகிறது. 15-ஆவது நிதிக் குழு 2021 முதல் 2026 வரை சொன்ன பங்கு 41 சதவீதம், அதில் தமிழ்நாட்டுக்கு 4.079 சதவீதம். படிக்கும்போது கவனிக்க வேண்டியது 270-ஆவது பிரிவு: செஸ், சர்சார்ஜ் என்ற பெயரில் வரிக்கு மேல் கூடுதலாக வாங்குவது இந்தப் பங்கீட்டுக்குள் வராது. செய்தியில் 41 சதவீதம் என்று படித்தால், எதன் 41 சதவீதம் என்று கேட்கப் பழகுங்கள். 2017 ஜூலை 1 முதல் வந்த ஜிஎஸ்டிக்கு 279-ஏ பிரிவில் ஒரு மன்றம் உண்டு, ஒன்றியத்தின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு எடை, எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு, முடிவெடுக்க நான்கில் மூன்று வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒன்றியம் வேண்டாம் என்றால் எதுவும் நிறைவேறாது, மாநிலங்கள் பெருவாரியாகச் சேர்ந்து மறுத்தாலும் நிறைவேறாது. குடிக்கும் மதுவும் பெட்ரோல், டீசலும் இன்னும் ஜிஎஸ்டிக்கு வெளியே இருப்பது மாநிலங்களுக்கு மிஞ்சிய சொந்த வருமானம் என்பதால்தான் அதில் அவ்வளவு இழுபறி.

ஊராட்சி, நகராட்சி பற்றி ஒரு வார்த்தை. 1992-இன் 73, 74-ஆவது திருத்தங்கள் 11-ஆவது அட்டவணையில் 29 விஷயங்களையும் 12-ஆவதில் 18 விஷயங்களையும் எழுதின. ஆனால் அவற்றில் எதைக் கொடுப்பது என்பதை மாநிலச் சட்டமன்றம்தான் முடிவு செய்கிறது. ஒன்றியத்திடம் அதிகாரம் கேட்கும் மாநிலங்கள் கீழே கொடுக்கும்போது கை சுருங்குவது எனக்கு வருத்தமான விஷயம். தெருவிளக்கு, குப்பை என்றால் மாநிலத்தின் ஊராட்சி அல்லது நகராட்சிச் சட்டத்தையும் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் விலாசம் தெரியவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம் 2005-ஐப் பயன்படுத்துங்கள். அதன் 6(3) பிரிவுப்படி, நீங்கள் கேட்ட தகவல் வேறு அலுவலகத்துடையது என்றால், விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பக் கூடாது, ஐந்து நாளுக்குள் சரியான அலுவலகத்துக்கு அவர்களே மாற்றிவிட்டு உங்களுக்கும் தெரிவிக்க வேண்டும். சாதாரண மனுவில் இந்த வசதி இல்லை. சாலையாக இருந்தால் மைல்கல்லின் தலையைப் பாருங்கள், மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. மஞ்சள் கல் இருந்தும் சில சாலைகளை ஒன்றியத்துக்காக மாநில நெடுஞ்சாலைத் துறையின் தேசிய நெடுஞ்சாலைப் பிரிவே பராமரிக்கிறது. அதனால் "இந்தச் சாலை யாருடையது" என்று கேட்காமல், "இந்தக் கிலோமீட்டரிலிருந்து இந்தக் கிலோமீட்டர் வரை பராமரிக்கும் அலுவலகம் எது, கடைசியாக எந்தத் தேதியில் செப்பனிடப்பட்டது, பொறுப்புப் பொறியாளரின் பதவி என்ன" என்று கேளுங்கள். எங்கள் தெருக்காரர்கள் இரண்டாவது தடவை அப்படித்தான் எழுதினோம், வந்த பதிலில் அலுவலகத்தின் விலாசமும் இருந்தது, அடுத்த மனுவை அங்கே நேரில் கொண்டுபோய்க் கொடுத்தோம்.